லினக்ஸில் பென் டிரைவ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே குழியில்தான் விழுகிறார்கள். தலைகீழாகச் செருகுவது, கடையில் மறந்து விட்டு வருவது போன்றவற்றை விட்டுவிடுவோம். கோப்பையே காவு வாங்கும் தவறுகள் இவை.

கொப்பி முடிந்துவிட்டது என்று நம்பிக் கழற்றுவது

எத்தனை தடவை சொன்னாலும் தொடரும் தவறு இது. எரிச்சல் தருவதும் இதுதான். வெள்ளவத்தையில் பிரிண்ட் எடுக்கப் போனால் பிடிஎஃப் திறக்காது. பெயரும் அளவும் சரியாகத்தான் இருக்கும், உள்ளே எல்லாம் பூச்சியம். பழி கடைக்காரரின் கணினி மேல் விழும்.

எழுதச் சொன்னதை லினக்ஸ் முதலில் ராமில் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு ஆறுதலாக டிரைவில் எழுதும். வழக்கமான அமைப்பில், கிடைக்கக்கூடிய நினைவகத்தில் 20 வீதம் வரை இப்படிக் காத்திருக்கலாம். 8 ஜிபி ராம் உள்ள மடிகணினியில் அது 1 ஜிபியைத் தாண்டும். விநாடிக்கு 8 எம்பி எழுதும் மலிவான டிரைவுக்கு அதை முடிக்க இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டும். திரையிலோ 100 வீதம் எப்போதோ வந்திருக்கும்.

டிரைவின் விளக்கையும் நம்பவேண்டாம். தரவு குறைவாக இருந்தால், லினக்ஸின் மையப் பகுதியான கேர்னல் 30 விநாடி வரை எழுதத் தொடங்காமலே வைத்திருக்கும். விளக்கு அணைந்திருப்பது, வேலை இன்னும் தொடங்கவில்லை என்பதாகவும் இருக்கலாம்.

காத்திருப்பதையெல்லாம் எழுதி முடிக்கச் சொல்லும் ‘சிங்க்’ கட்டளையை டெர்மினலில் கொடுத்து, அடுத்த வரி வரும்வரை பொறுங்கள். பிறகு கோப்பு மேலாளரில் டிரைவை வெளியேற்றி, ‘இனிக் கழற்றலாம்’ என்ற அறிவிப்பு வந்தபின் எடுங்கள்.

‘பிஸி’ என்று மறுத்தால், ஏதோ ஒரு நிரல் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் அந்தக் கோப்புறைக்குள் நிற்கும் டெர்மினல்தான். ‘ஃபியூசர்’ கட்டளை எந்த நிரல் என்று காட்டிக்கொடுக்கும். அவசரத்தில், டிரைவின் இணைப்பைத் துண்டிக்கும் ‘யூமவுண்ட்’ கட்டளையோடு ‘எல்’ சேர்த்துக் கொடுக்கவே கூடாது. டிரைவ் பட்டியலிலிருந்து மறைந்துவிடும், ஆனால் எழுதும் வேலை பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். பாதுகாப்பு என்று நினைத்து நிரந்தரமாக ‘சிங்க்’ தெரிவோடு டிரைவை மவுண்ட் செய்வதும் (இணைப்பதும்) சரியல்ல. ஒவ்வொரு துண்டையும் உடனுக்குடன் எழுதச் சொல்வதால் வேகம் படுத்துவிடும், ஃபிளாஷின் ஆயுளும் குறையும்.

எஸ்டிபி என்ற பெயர் நிரந்தரமல்ல

லினக்ஸ் டிரைவுக்கு வைக்கும் பெயர் இது. இன்று எஸ்டிபியாக இருந்தது நாளை எஸ்டிசி ஆகலாம். டிரைவின் மேல் நேரடியாக எழுதும் ‘டிடி’ கட்டளையை ஓட்டுமுன், டிரைவ்களைப் பட்டியலிடும் ‘எல்எஸ்பிஎல்கே’ கொடுத்து அளவையும் மொடலையும் பாருங்கள். கணினி தொடங்கும்போது எந்த டிரைவ்களை இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில், பெயருக்குப் பதில் மாறாத அடையாள எண்ணான யூயூஐடியை எழுதி, ‘நோஃபெயில்’ தெரிவையும் சேர்த்துவிடுங்கள். அது இல்லாமல், டிரைவும் செருகியிராவிட்டால், லினக்ஸைத் தொடக்கிவைக்கும் சிஸ்டம்டி 90 விநாடி காத்திருந்துவிட்டு அவசரநிலைத் திரையில் கொண்டுபோய் நிறுத்தும்.

4 ஜிபிக்கு மேற்பட்ட வீடியோ

ஃபாட்32 ஆக ஃபார்மட் செய்த டிரைவ் ஏற்காது. எக்ஸ்ஃபாட் ஆக ஃபார்மட் செய்யுங்கள். 2020இல் வந்த 5.7 கேர்னலிலிருந்து அதற்கான நல்ல டிரைவர் உள்ளேயே இருக்கிறது.

விண்டோஸ் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்

விண்டோஸை முழுதாக மூடாமல் பாதியில் உறங்கவைக்கும் வசதி இது. அணைத்துவிடுங்கள்.

மலிவு விலையில் 1 டிபி

புறக்கோட்டையில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், அன்றே ‘எஃப்3ரைட்’ ஓட்டி டிரைவை நிரப்பி, ‘எஃப்3ரீட்’ கொடுத்துச் சரிபாருங்கள். போலி டிரைவ் உண்மைக் கொள்ளளவு நிறைந்த பிறகும் எழுதுவதுபோல் நடிக்கும். பிழைச் செய்தி வராது. ‘எஃப்3ரீட்’ பெருமளவு தரவு தொலைந்ததாகக் காட்டினால் பற்றுச்சீட்டோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.