எஸ்எஸ்டியில் முதல்முறை பூட் செய்யும் முன் பழைய டிஸ்க்கைக் கழற்றுங்கள்

பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்து, சுழலும் பாகங்கள் இல்லாத எஸ்எஸ்டிக்கு மாறிய முதல் மூன்று நாளும் நான் அதைத் திட்டிக்கொண்டேதான் இருந்தேன். விண்டோஸை அப்படியே குளோன், அதாவது டிஸ்க்கின் முழு நகல், எடுத்து முடித்தாகிவிட்டது; கணினியோ பழைய ஆமை வேகத்தில்தான் எழுந்தது. நான்காம் நாள் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைத் திறந்தேன். சி டிரைவுக்குப் பக்கத்தில் 'எச்டிடி' (ஹார்டு டிஸ்க்) என்று இருந்தது. இரண்டு டிஸ்க்கும் உள்ளேயே இருந்ததால் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே கணினியை எழுப்பும் மென்பொருள்) தனக்குப் பழக்கமான பழையதிலிருந்தே பூட் செய்திருக்கிறது. மூன்று நாள் வேலையும் பழைய டிஸ்க்கில் சேர்ந்திருந்தது, எஸ்எஸ்டி சும்மா உட்கார்ந்திருந்தது.

அதனால் கடைசியில் செய்ய வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளோன் முடிந்ததும் கணினியை அணைத்து, பழைய டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கிவிட்டு, எஸ்எஸ்டியை மட்டும் வைத்து முதல் பூட் செய்யுங்கள்.

சரி, ஆரம்பத்துக்கு வருவோம். வாங்கும் முன் உங்கள் கணினியில் எந்த வகை பொருந்தும் என்று மதர்போர்டு கையேட்டில் பாருங்கள். 2.5 அங்குல சாட்டா வகை, ஹார்டு டிஸ்க் உள்ள கணினிகளில் பெரும்பாலும் பொருந்தும். வேகம் நொடிக்கு சுமார் 550 எம்பியோடு நின்றுவிடும். எம்.2 வகையில்தான் குழப்பம். பார்க்க ஒரே மாதிரி பட்டையாக இருந்தாலும் சில சாட்டா, சில அதைவிட வேகமான என்விஎம்இ. ஸ்லாட் எதை ஏற்கும் என்று தெரியாமல் வாங்காதீர்கள். ஹார்டு டிஸ்க்கிலிருந்து வருபவருக்கு இரண்டுமே பெரிய மாற்றம்தான். காரணம், சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி அலையும் அந்த ஊசிமுனை இரண்டிலும் கிடையாது.

அடுத்து, பழைய டிஸ்க்கின் உடல்நிலை. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பாருங்கள். மஞ்சளில் எச்சரிக்கை வந்தால் குளோனை மறந்துவிட்டு முதலில் முக்கியமான கோப்புகளை வேறு எங்காவது எடுத்து வையுங்கள். சாகப்போகும் டிஸ்க்கை முழுசாகப் படிக்க வைப்பது அதன் கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நீலமாக, எல்லாம் நலம் என்று காட்டினாலும் பேக்கப் எடுங்கள். குளோனில் மூலம் எது, இலக்கு எது என்று மாற்றித் தேர்ந்தெடுத்தால், காலி டிஸ்க் உங்கள் விண்டோஸ் மேல் எழுதப்பட்டுவிடும். நான் இரண்டு டிஸ்க்கின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் பொத்தானை அழுத்துவேன்.

டிஸ்க்கைக் குறியாக்கம் செய்யும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் தற்காலிகமாக நிறுத்துங்கள். 48 இலக்க மீட்புச் சாவியையும் கையில் வைத்திருங்கள்.

அப்புறம் அளவு. என்னிடம் இருந்தது 1 டிபி டிஸ்க். வாங்கியது 500 ஜிபி, விண்டோஸ் கணக்கில் 465. குளோன்சில்லா என்ற இலவச குளோன் மென்பொருள் இயல்பாகப் பெரியதிலிருந்து சிறியதற்குப் போகாது. அதில் செய்வதென்றால் முதலில் சி டிரைவைச் சுருக்கியாக வேண்டும், அதற்குப் பிறகும் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். எஸ்எஸ்டி நிறுவனங்கள் தரும் இலவச மென்பொருள் பெரும்பாலும் தானே சுருக்கிக்கொள்ளும். புதியவர்களுக்கு அதுவே என் சிபாரிசு. எப்படியானாலும் பழைய வீடியோக்களை வெளியே நகர்த்திவிடுங்கள். நான் அப்படி 300 ஜிபிக்குக் கொண்டுவந்தேன்.

குளோன் எடுக்கும்போது சி டிரைவை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். அதற்கு முன்னால் 100 எம்பி போல ஒரு சின்ன இஎஃப்ஐ பார்ட்டிஷன் இருக்கும். பூட் ஆவதற்கான கோப்புகள் அங்கேதான் இருக்கின்றன. அதை விட்டால் எஸ்எஸ்டி தனியாக எழாது. முழு டிஸ்க்கையும் எடுங்கள். லேப்டாப்பில் இரண்டாவது டிஸ்க்குக்கு இடம் இல்லையென்றால், சாட்டா எஸ்எஸ்டிக்கு ஒரு யுஎஸ்பி கேபிள் போதும், என்விஎம்இ-க்கு அதற்கான யுஎஸ்பி உறை வேண்டும். ஸ்லீப்பை அணைத்து, சார்ஜரைச் செருகிவிட்டுப் போய் வேறு வேலை பாருங்கள். 300 ஜிபி என்றால் ஒரு மணி நேரமாவது ஆகும், பெரும்பாலும் அதற்கு மேலேயே.

எஸ்எஸ்டியில் பூட் ஆனதும் டாஸ்க் மேனேஜரில் 'எஸ்எஸ்டி' என்று காட்டுகிறதா என்று பாருங்கள். நான் இப்போது அதைப் பார்க்காமல் எதையும் நம்புவதில்லை. பிட்லாக்கரை மறுபடி இயக்குங்கள். சிதறிய கோப்புகளை ஒழுங்குபடுத்தும் டிஃப்ராக் மென்பொருள் தனியாக வைத்திருந்தால் நீக்கிவிடுங்கள். விண்டோஸின் ஆப்டிமைஸ் வசதி எஸ்எஸ்டி என்று தெரிந்துகொண்டு அழித்த கோப்புகளின் இடத்தை அதற்குத் தெரிவிக்கும் டிரிம் கட்டளையைத் தானே அனுப்பும்.

பழைய டிஸ்க்கை இரண்டு வாரமாவது தொடாமல் மேசை இழுப்பறையில் வையுங்கள். பிறகு அதை மறுபடி மாட்டும்போது பயாஸில் பூட் வரிசையில் எஸ்எஸ்டி முதலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பழையதை ஃபார்மேட் செய்யலாம். என் பழைய டிஸ்க்கில் அந்த மூன்று நாள் கோப்புகளை ஒவ்வொன்றாகத் தேதி பார்த்து எடுக்க ஒரு முழு மாலை போயிற்று.