வெயிலும் மழையும் மாறிமாறி வரும் வாரயிறுதியில் பந்தயம் ஓட்டுவது எப்படி?

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் செல்லும்போது, ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது அந்தப் பந்தயத் தடம். 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990-இல் திறந்த இந்தத் தடத்தின் நீளம் 3.717 கிலோமீட்டர், வளைவுகள் 12. தேசியப் போட்டிகள் பெரும்பாலும் ஆண்டின் பிற்பாதியில் வருவதால், ஜூலை தொடங்கி நவம்பர் வரை இங்கே எந்த வாரயிறுதியிலும் காலையில் கொளுத்தும் வெயிலையும் மாலையில் முழங்கால் நனையும் மழையையும் எதிர்பார்த்தே வரவேண்டும். சொந்தப் பணத்தில், ஒரு மெக்கானிக்கையும் உதவிக்கு ஒரு நண்பரையும் வைத்துக்கொண்டு, பந்தயத்துக்காக மாற்றிய ஹேட்ச்பேக் காரை ஓட்டும் புதியவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஃபார்முலா வகைக் கார் வைத்திருப்பவருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முழுநேர மழையில் ஓட்டுவது கடினம்தான். ஆனால் அதில் குழப்பம் இல்லை. எல்லாரிடமும் ஈரத்துக்கான அமைப்பு இருக்கும், எல்லாரும் மெதுவாகத்தான் போவார்கள். பாதி நனைந்தும் பாதி காய்ந்தும் கிடக்கும் தடம்தான் புதியவரின் பணத்தையும் காரையும் சேர்த்து விழுங்குகிறது. காரணம், அப்போது பத்து நிமிடத்துக்குள் நான்கைந்து முடிவுகள் எடுக்க வேண்டியிருக்கும். எடுப்பவரோ வியர்வையில் நனைந்து, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆகவே, அந்த முடிவுகளில் எவற்றையெல்லாம் வெள்ளிக்கிழமை இரவே எடுத்து ஒரு தாளில் எழுதி வைக்க முடியுமோ, அவற்றையெல்லாம் அப்போதே எழுதி வைத்துவிட வேண்டும் என்பதே நான் சொல்லவருவது.

மழை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது

முதலில் மேகத்தைப் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை இப்பகுதியில் பெய்வது பெரும்பாலும் வெப்பச்சலன மழை. பகல் வெயிலில் எழும் இடிமேகங்கள் வேலூர், ராணிப்பேட்டை, காஞ்சிபுரம் பக்கத்தில் திரண்டு, மாலையில் கிழக்கு நோக்கி நகரும்; அதனால் அந்த மாதங்களில் சென்னைக்கு முன்பே இருங்காட்டுக்கோட்டை நனைந்துவிடுவது வழக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு நிலைமை தலைகீழாகிறது. வங்கக் கடலிலிருந்து வரும் மழைக்கற்றைகள் முதலில் கடற்கரையைத் தொட்டு, பிறகு மேற்கே நகர்கின்றன. எனவே ஆகஸ்டில் மேற்கு வானத்தையும், நவம்பரில் கிழக்கே நகரில் இருக்கும் நண்பரின் தொலைபேசியையும் நம்பலாம். அண்ணா நகரில் பெய்யத் தொடங்கிவிட்டது என்று அவர் சொன்னால், உங்களுக்கு ஓரளவு அவகாசம் இருக்கிறது என்று பொருள்.

இந்திய வானிலை ஆய்வு மையத்தின் சென்னை ரேடார் படத்தைப் பார்க்கப் பழகிக்கொள்வது இன்னும் நல்லது. ஒரு படத்தைப் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது. அடுத்தடுத்த மூன்று நான்கு படங்களை வரிசையாகப் பார்த்து, மழைத்திட்டு எந்தத் திசையில் எவ்வளவு விரைவாக நகர்கிறது, வளர்கிறதா கரைகிறதா என்று கணிக்க வேண்டும். இந்த வேலையை ஓட்டுநர் செய்யக்கூடாது. நண்பரிடம் ஒப்படைத்துவிட்டு, காருக்குள் உட்காரும் முன் அவரிடம் ஒரே கேள்வி கேட்டால் போதும்: அடுத்த இருபது நிமிடத்தில் பெய்யுமா, பெய்யாதா?

வெள்ளிக்கிழமை

அந்தப் போட்டிக்கென்று அமைப்பாளர்கள் வெளியிடும் துணை விதிமுறைகளில் டயர் பற்றிய பகுதியை மட்டுமாவது முழுமையாகப் படியுங்கள். சில பிரிவுகளில் ஒரே வகை டயர்தான் அனுமதிக்கப்படும். அப்படியானால் ஈரத்துக்கு நீங்கள் செய்யக்கூடிய மாற்றம் காற்றழுத்தத்திலும் சஸ்பென்ஷனிலும் மட்டுமே இருக்கிறது. வேறு டயர் அனுமதிக்கப்பட்டிருந்தால், மழை டயரைத் தனிச் சக்கரங்களில் ஏற்றி, காற்று நிரப்பி, இடம் வலம் என்று சுண்ணக்கட்டியால் எழுதி, காருக்கு அருகிலேயே வைத்திருக்க வேண்டும். கார்களும் குழுக்களும் தங்கும் பேடாக்கின் மறுமூலையில் கிடக்கும் மழை டயரால் ஒரு பயனும் இல்லை.

பந்தயக் காரில் எடையைக் குறைப்பதற்காக ஏசியையும் ஹீட்டரையும் கழற்றியிருப்பார்கள். அதன் விளைவு மழையில்தான் தெரியும்: ஓட்டுநரின் மூச்சும் வியர்வையும் சேர்ந்து முன்கண்ணாடியை உள்பக்கமாகப் பனிமூட்டம்போல மறைத்துவிடும். கண்ணாடியை ஸ்பிரிட்டால் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை நீக்கிய பிறகு, ஷேவிங் நுரையை மெல்லப் பூசி, உலர்ந்த துணியால் தடம் தெரியாதபடி துடைத்தெடுங்கள். மலிவான வழிதான், ஆனால் ஒரு பந்தயத்துக்குத் தாங்கும். ஹெல்மெட்டின் முகக்கண்ணாடியான வைசருக்கும் இதே தொல்லை உண்டு. அதற்கு மூடுபனி படியாத உள்வில்லை வாங்கி ஒட்டிக்கொள்வது நல்ல செலவு. வைப்பர் ரப்பரைப் புதிதாக மாற்றுங்கள். எலெக்ட்ரிக்கல் கனெக்டர்களுக்கு சிலிக்கான் கிரீஸ் தடவி, பின்புறச் சிவப்பு விளக்குகள் எரிகின்றனவா என்று பாருங்கள். உங்களுக்குப் பின்னால் வருபவர் நீர்த்திவலைக்குள் அந்த விளக்கைத்தான் தேடுவார்.

இரண்டாவது ஜோடிக் கையுறை, இரண்டாவது உள்ளாடை, உலர்ந்த துண்டு நான்கு. நனைந்த பந்தய உடையை அணிந்து ஓட்டக்கூடாது. தீப்பிடித்தால் அதிலுள்ள நீர் ஆவியாகித் தோலைச் சுட்டுவிடும். பேடாக் கூடாரத்தின் நான்கு கால்களிலும் இருபது லிட்டர் தண்ணீர் கேன்களைக் கட்டுங்கள். மழைக்கு முன் வரும் காற்று, மழையைவிட அதிகமான கூடாரங்களைச் சாய்த்திருக்கிறது. இடி இடித்தால் இரும்புக் கால் கூடாரத்தின்கீழ் யாரும் நிற்க வேண்டாம்.

காற்றழுத்தம்

சனிக்கிழமையின் பெரும்பகுதி இதற்கே செலவாக வேண்டும். டயரின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அதன் அழுத்தம் ஏறத்தாழ 1.5 பிஎஸ்ஐ உயரும். வெயிலில் தகிக்கும் தடத்தில் டயர் விரைவாகச் சூடேறுவதால், குளிர்ந்த நிலையில் 25 பிஎஸ்ஐ வைத்தால் நாலைந்து சுற்றுக்குப் பிறகு என் காரில் 32 வரை போகும். எனக்கு வேண்டியதும் அதுதான். மழை பெய்தபின் தடம் குளிர்ந்துவிடுகிறது, ஓடும் நீர் டயரின் வெப்பத்தையும் வாங்கிக்கொள்கிறது. அதே 25-இல் கிளம்பினால் 27-ஐத் தாண்டாது. அப்படி அழுத்தம் குறைந்த டயரின் மேற்பரப்பிலுள்ள ரப்பர் பட்டைகள் ஒன்றையொன்று நெருங்கி, நீரை வெளியேற்ற வேண்டிய பள்ளங்கள் குறுகிவிடுகின்றன.

விமான டயர்களுக்காக நாசா 1960-களில் வகுத்த ஓர் எளிய கணக்கு இங்கே உதவும். அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 17-ஆல் பெருக்கினால், தேங்கிய நீரின்மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று தோராயமாகக் கிடைக்கும். 25 பிஎஸ்ஐக்கு அது 85 கிலோமீட்டர், 32-க்கு 96. தேய்ந்த டயரும் ஆழமான நீரும் இருந்தால்தான் இந்த எண் அப்படியே பொருந்தும். நல்ல பள்ளமுள்ள டயர் இன்னும் சற்றுத் தாங்கும். ஆனாலும் நேர்ப்பாதையில் நாம் செல்லும் வேகத்துக்கு இரண்டு எண்களுமே மிகக் குறைவு என்பதைப் பார்த்தால், தேங்கிய நீரைச் சுற்றிப்போவதைத் தவிர வேறு வழியில்லை என்பது விளங்கும். நான் ஈரத்துக்குக் குளிர்ந்த நிலையிலேயே 29 வைக்கிறேன். உங்கள் காருக்கான எண் வேறாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கும் வழி ஒன்றுதான்: ஒவ்வொரு முறை பிட்டுக்குள், அதாவது தடத்தோரம் காரை நிறுத்திச் சரிபார்க்கும் இடத்துக்குள், வந்தவுடனும், பெல்ட்டைக் கழற்றும் முன்பே, நான்கு டயரின் அழுத்தத்தையும் மெக்கானிக் அளந்து நேரத்தோடு குறித்துவைப்பது.

சஸ்பென்ஷனில் அதிகம் கைவைக்க வேண்டாம். முன்சக்கர இயக்கக் காரில் பின்டயர்களுக்கு வேலை குறைவு. ஈரத்தில் அவை சூடேறவே ஏறாது. அதனால் முதல் இரண்டு சுற்றில் பின்பக்கம் சொல்லாமல் கொள்ளாமல் வெளியே வந்துவிடும். வளைவில் கார் பக்கவாட்டில் சாய்வதைக் கட்டுப்படுத்தும் பின் ஆன்டி ரோல் பாரின் ஒரு பக்க இணைப்பைக் கழற்றிவிட்டால் கார் அடங்கும். மாற்றுவதற்கு ஐந்து நிமிடம். அதையும் வெள்ளிக்கிழமை ஒருமுறை கடிகாரம் வைத்துச் செய்து பார்த்துவிடுங்கள். பிரேக்கில் முன்–பின் பங்கீட்டை மாற்றும் வசதி இருந்தால், பின்பக்கத்துக்குச் சற்றே கூட்டலாம்; ஈரத்தில் மெதுவாகத்தான் நிறுத்த முடியும் என்பதால் எடை முன்னே சாய்வதும் குறைகிறது.

தடத்தின்மேல்

காய்ந்த தடத்தில் எல்லாரும் ஓட்டும் பாதையில் ரப்பர் படிந்து கருத்திருக்கும். பிடிமானம் தரும் அந்தக் கரும்பட்டைதான் முதல் தூறலில் சோப்புத் தேய்த்த தரைபோல வழுக்கும். நெடுநாள் வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையில் படிந்திருந்த எண்ணெயும் மேலே எழுவதால், அந்தப் பத்து நிமிடம்தான் நாளிலேயே மோசமான நேரம். வளைவின் வெளிப்புறமாக, ரப்பர் படியாத சொரசொரப்பான தாரைத் தேடிப் போங்கள். பிரேக்கையும் காய்ந்த பாதையிலிருந்து ஒரு கார் அகலம் தள்ளி, ஸ்டீயரிங்கை நேராக வைத்தபடியே பிடியுங்கள். தடத்தின் விளிம்பில் வண்ணம் பூசிய கெர்ப்பையும் வெள்ளைக் கோட்டையும் தொடாதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வளைவில் மட்டும் பாதையைச் சிறிது மாற்றிப் பாருங்கள். பிடிமானம் எங்கே இருக்கிறது என்று ஸ்டீயரிங்கின் கனம் சொல்லிவிடும். அது திடீரென லேசானால் முன்டயர் நழுவுகிறது என்று அறிந்து, காலை மெதுவாகத் தளர்த்துங்கள். சட்டென்று எடுத்தால் பின்பக்கம் சுழன்றுவிடும்.

மஞ்சளும் சிவப்பும் செங்குத்துக் கோடுகளாக உள்ள கொடியைத் தடத்தோரம் நிற்கும் அலுவலரான மார்ஷல் அசையாமல் காட்டினால், அங்கே தடம் வழுக்குகிறது என்று பொருள். குறைந்தது நான்கு சுற்றுக்கு அது காட்டப்படலாம்; பிறகு கொடி மறைந்துவிடுவதால் வழுக்கல் போய்விட்டது என்று எண்ண வேண்டாம். அந்த இடத்துக்கு எல்லாரும் பழகிவிட்டார்கள் என்றும் இருக்கலாம்.

மழை நின்றபின் தடத்தின் நிறத்தைப் பாருங்கள். கறுப்பாக மின்னுவது நீர். மங்கிய கறுப்பு ஈரம். சாம்பல் நிறம் காய்ந்தது. கார்கள் ஓடியோடி முதலில் ஒரு காரின் அகலத்துக்குச் சாம்பல் கோடு தோன்றும். மழை டயரில் இருந்தால், நேர்ப்பாதையில் அந்தக் கோட்டைவிட்டு விலகி ஈரத்தில் ஓட்டி டயரைக் குளிர்விக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு சுற்றில் பட்டைகள் கிழிந்துவிடும்.

கிரிட்டில் எடுக்கும் முடிவு

2010 ஆஸ்திரேலிய கிராண்ட் ப்ரீயில் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஜென்சன் பட்டன் மற்றவர்களுக்கு முன்பே, ஆறாவது சுற்றில் காய்ந்த தட டயருக்கு மாறி, உடனே ஒருமுறை தடத்தைவிட்டு வெளியே போய்வந்தும், பந்தயத்தை வென்றார். அதைப் பார்த்துவிட்டு வரும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். நம் பந்தயம் எட்டுப் பத்துச் சுற்றுதான். ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடத்தை ஒட்டிய நேரம். பிட்டுக்குள் போய் டயர் மாற்றி வருவதால் இழக்கும் நேரத்தை மீட்கப் போதிய சுற்றுகள் இருக்காது. எனவே பந்தயம் தொடங்க கார்கள் வரிசையாக நிற்கும் கிரிட்டுக்குப் புறப்படும்போது இருக்கும் டயர்தான் கடைசிவரை என்று வைத்துக்கொண்டே தேர்வு செய்ய வேண்டும். என் விதி இது: மழை நின்றிருந்து, வெயிலோ காற்றோ இருந்து, நேர்ப்பாதையில் சாம்பல் கோடு தெரிந்தால் காய்ந்த தட டயர். மழை வரலாம் என்ற நிலையில் தடம் காய்ந்திருந்தாலும் அதே டயர்தான். தூறிக்கொண்டே இருந்து, முன்னே போகும் கார் நீரைத் தெறிக்கவிட்டால் மட்டும் மழை டயர். தூறலா தெறிப்பா என்று ஐயம் வந்தால், முந்தைய பந்தயத்தில் ஓடிவிட்டு வந்த ஒருவரைக் கேளுங்கள். உங்கள் பிரிவில் போட்டியிடுபவரைக் கேட்காதீர்கள்.

ஒருமுறை நான் இந்த விதியைச் சரியாகவே கடைப்பிடித்து, நான்காவது இடத்தில் கிரிட்டில் நின்றேன். காருக்குள் ஏறும்போது நனைந்த புல்லில் மிதித்த ஷூவைத் துடைக்க மறந்துவிட்டேன். முதல் வளைவுக்குப் பிரேக் மிதித்தபோது வலது கால் பெடலின் விளிம்பிலிருந்து வழுக்கி ஆக்ஸிலரேட்டரில் விழுந்தது. கார் யாரையும் தொடாமல் சரளைக்குள் போய் நின்றது என் நல்லூழ். அன்றிலிருந்து காலில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டே கார்வரை நடக்கிறேன். இருக்கையில் உட்கார்ந்து கால்களை வெளியே நீட்டியதும், பையைக் கழற்றி, ஷூவின் அடிப்பகுதியைத் துண்டால் அழுத்தித் துடைத்து, பெடல்களையும் துடைத்துவிட்டுத்தான் மெக்கானிக் கதவைச் சாத்துவார். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள்.

ஞாயிறு மாலை பந்தயத்துக்குப் பின் சோதனைக்காகக் கார்களை நிறுத்திவைக்கும் பார்க் ஃபெர்மேயிலிருந்து கார் வெளியே வந்ததும், ஏற்றிக் கிளம்பும் அவசரத்தில் இரண்டு வேலைகளை விட்டுவிடாதீர்கள். பெல்ட்டுகளையும் ஹெல்மெட்டின் உள்துணியையும் கழற்றித் தனியே காற்றோட்டமாகப் போடுங்கள். மூடிய வேனுக்குள் ஓரிரவு கிடந்தால் பூஞ்சை பிடித்துவிடும். மெக்கானிக் குறித்த அழுத்த எண்களுக்குப் பக்கத்தில், அப்போது தடம் என்ன நிறத்தில் இருந்தது, எந்த வளைவில் நீர் தேங்கியது, எந்தப் பக்கத்துத் தாரில் பிடிமானம் கிடைத்தது என்று மறக்கும் முன் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த போட்டிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை இரவு அந்தத் தாளிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.