ஒற்றை எஞ்சினைப் பார்த்து ஆர்டர் போட்டால்

புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர், அதை ஓட்ட இன்னொருவரின் எஞ்சினை நம்ப வேண்டியிருந்தால் எங்கெல்லாம் சறுக்குவார் என்று பார்க்க 1880களின் மின்விளக்குத் தொழில் நல்ல இடம். பல்பைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அதற்குப் பின்னால் கரியைத் தின்றுகொண்டிருந்த நீராவி எஞ்சினை விட்டுவிடுகிறோம்.

முதல் தவறு, கிடைக்கிற எஞ்சினை வைத்துச் சமாளிப்பது. அன்றைய மில் எஞ்சின்கள் நிமிடத்துக்கு 60, 80 சுற்றுதான் சுற்றும். மின்சாரம் உண்டாக்கும் டைனமோவுக்கு அது போதாது. பெல்ட் போட்டு வேகத்தைக் கூட்டினார்கள். பெல்ட் லேசாக வழுக்கினாலும் விளக்கு மினுங்கும். தறிக்கு அது பெரிய விஷயமில்லை. விளக்கடியில் படிக்கிறவருக்குக் கண் வலிக்கும்.

எடிசன் இதில் விவரமாகத்தான் இருந்தார். எஞ்சினும் டைனமோவும் ஒரே ஷாஃப்டில், அதாவது ஒரே சுழல்தண்டில், நேராகச் சேரட்டும் என்று, அதிவேக எஞ்சினுக்குப் பேர்போன சார்லஸ் போர்ட்டரிடம் போனார். கேட்ட வேகம் 700 சுற்று. மென்லோ பார்க்கில் இருந்த எடிசனின் பட்டறையில் அதை ஓட்டிப் பார்த்தபோது பட்டறை நின்ற குன்றே ஆடியதாம். பிறகு 350 சுற்று போதும் என்று இறங்கி வந்தார்கள். நியூயார்க்கின் பேர்ல் தெரு நிலையத்துக்கு ஆறு எஞ்சின்கள் வந்தன. அவற்றோடு பூட்டிய டைனமோக்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 27 டன். அன்று ஊரே பேசிய யானையின் பெயரைத்தான் அவற்றுக்கும் வைத்தார்கள்: ஜம்போ.

சறுக்கியது அடுத்ததில். சோதனை ஓட்டத்தில் ஓடியது ஒரே எஞ்சின். நிலையத்திலோ பல எஞ்சின்கள் ஒரே கம்பிவலைக்குச் சேர்ந்து மின்சாரம் தர வேண்டும். 1882 ஜூலையில் இரண்டாவது ஜம்போவை இணைத்ததும் ஒன்று வெறிபிடித்து ஓடியது, மற்றது அடங்கியது. அப்புறம் இது அடங்கி அது ஓடியது. தரை அதிர, பார்க்க வந்தவர்கள் ஓட்டம் பிடித்ததாக எடிசன் பின்னாளில் சொன்னார்.

கோளாறு கவர்னரில், அதாவது எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியில். சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேகம் அசையாமல் பிடிப்பதுதான் போர்ட்டர் கவர்னரின் பெருமை. தனியாக ஓடும்போது அது நல்ல குணம். ஜோடி சேரும்போது அதுவே வினை. சுமை ஏற ஏற எஞ்சின் கொஞ்சம் தளர்ந்து கொடுத்தால்தான் பாரம் இரண்டுக்கும் பங்காகும். தளரவே மாட்டேன் என்று இரண்டும் நின்றால், முந்தியது மொத்தப் பாரத்தையும் இழுக்கும். பின்தங்கியதன் டைனமோ அந்த மின்சாரத்தை வாங்கி மோட்டாராகச் சுற்றும்.

போர்ட்டரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேட்ட வேகத்தில் ஓடும் எஞ்சினைத்தான் அவர் கொடுத்தார். ஆர்டர் போடும்போது வேகத்தோடு, எத்தனை எஞ்சின்கள் சேர்ந்து ஓடப்போகின்றன என்பதையும் எழுதி, இரண்டை இணைத்து ஓட்டிக் காட்டிய பிறகே பணம் என்று பேசியிருக்க வேண்டும்.

எஞ்சின்களின் கவர்னர்களை ஒரு தண்டு வைத்து ஒன்றோடொன்று பிணைத்துப் பார்த்தார்கள். செப்டம்பர் 4 அன்று திறப்பு விழாவுக்கு ஒரே ஜம்போதான் ஓடியது. எரிந்தவை சுமார் 400 விளக்குகள். கடைசியில் ராட் ஐலண்டின் ஆர்மிங்டன் அண்ட் சிம்ஸ் எஞ்சின்கள் வந்துதான் தீர்வு கிடைத்தது. இரண்டாவது தயாரிப்பாளர் ஒருவரைக் கைவசம் வைத்திருப்பதன் அருமை அப்போதுதான் தெரியும்.

இன்னொரு தவறு காகிதத்தில் நடப்பது: காப்புரிமையைக் கம்பெனியிடம் விட்டுவிட்டு அதிலிருந்து வெளியே வருவது. இங்கிலாந்தில் சார்லஸ் பார்சன்ஸ், கிளார்க் சாப்மன் நிறுவனத்தில் இளைய பங்குதாரராக இருந்தபோது 1884ல் நீராவி டர்பைனை, அதாவது பாயும் நீராவியே இதழ்களைத் தள்ளிச் சுழற்றும் எஞ்சினைச் செய்தார். நிமிடத்துக்கு 18,000 சுற்று, நேராக டைனமோவோடு. 1889ல் பிரிந்தார், காப்புரிமை அங்கேயே தங்கிவிட்டது. நியூகாசிலில் சொந்தப் பட்டறை போட்டவருக்குத் தன் டர்பைனையே செய்ய வழியில்லை. ஷாஃப்டின் நீளவாக்கில் போன நீராவியை, நடுவிலிருந்து வெளிப்புறமாகப் பாயவிட்டு வேறொரு வடிவத்தைச் செய்தார். ஐந்து வருஷம் அப்படியே ஓட்டினார். 1894ல் 1,500 பவுண்டு கொடுத்துப் பழைய காப்புரிமையைத் திரும்ப வாங்கியதும், அந்த மாற்று வடிவத்தை விட்டுவிட்டு முதல் வடிவத்துக்கே போய்விட்டார்.