மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு: வேலூர் வெயிலுக்கு முதலில் செய்யவேண்டிய வேலை

கோடை தொடங்கியதும் எல்லோரும் ஏர்கூலர் விலையைத்தான் விசாரிக்கிறார்கள். ஒற்றை மாடி வீட்டிலோ மேல்தளத்திலோ இருப்பவர்கள் அதற்கு முன் தலைக்கு மேலே இருக்கும் தளத்தைக் கவனிக்க வேண்டும். அதை அப்படியே விட்டுவிட்டு உள்ளே எதை ஓடவிட்டாலும் பாதிப் பலன்தான்.

வேலூர் ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் இங்கே உச்சிக்கு நேராக வரும். கத்திரி வெயில் நாட்களிலும் அதிகம் விலகாது. அந்த நேரத்தில் சுவர்மேல் வெயில் சாய்ந்துதான் விழும், முழு அடியும் மொட்டை மாடிக்குத்தான். வாங்கிய சூட்டைக் கான்கிரீட் உடனே உள்ளே விடுவதில்லை, நான்கைந்து மணி நேரம் பிடித்து வைத்துக்கொள்ளும். பொழுது சாய்ந்த பிறகு படுக்கையறையில் ஃபேன் அனல் காற்றை இறக்குவதற்குக் காரணம் அதுதான். சென்னைக்கு மதியமே வரும் கடற்காற்றை நம்பி இங்கே இருக்க முடியாது. வந்தால் இரவில் வரும், பல நாள் வராது.

அழுக்கேறிய பழைய சிமெண்ட் தளம் தன்மேல் படும் வெயிலில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் திருப்பி அனுப்பாது. நன்றாகப் பிடித்த வெள்ளைச் சுண்ணாம்பு முக்கால் பங்கு வரை திருப்பிவிடும். அறைக்குள் பொதுவாக இரண்டு முதல் நான்கு டிகிரி வரை குறையும்.

எந்தக் கூரைக்கு ஒத்துவரும்

கான்கிரீட் தளம், தட்டோடு பதித்த தளம், பழைய மெட்ராஸ் டெரஸ் (மரச் சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட தளம்) மூன்றுக்கும் தாராளமாக அடிக்கலாம். சிமெண்ட் ஷீட்டிலும் பிடிக்கும். ஆனால் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் காய்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. நனைத்து, மெல்லக் கழுவினால் போதும். ஷீட்டின் மேல் நேராகக் கால் வைக்காமல், கீழே சட்டம் போகும் இடம் பார்த்துப் பலகை போட்டு ஏறுங்கள். தகரக் கூரையில் சுண்ணாம்பு நிற்காது, உரிந்துவிடும். அதற்கு வெயிலைத் திருப்பும் வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட்தான். விலை பல மடங்கு, ஆனால் சில வருடம் தாங்கும்.

எப்போது

மாசி, பங்குனி சரியான காலம். சித்திரை பிறந்த பிறகு அடித்தாலும் பலன் உண்டு, பிடிப்புதான் குறையும். சுண்ணாம்பு வெறுமனே காய்ந்தால் இறுகாது. ஈரம் இருக்கும்போதே காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சித்தான் கல்லாகிறது. கொதிக்கும் தளத்தில் அடித்தால் பத்து நிமிடத்தில் ஈரம் போய்விடும்; மறுநாள் கால் வைத்தால் மாவு மாவாக ஒட்டிக்கொண்டு வரும். 'சுண்ணாம்பு சரியில்லை' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதில் பாதி இந்த வகை.

500 சதுர அடிக்கு, மூன்று கோட்டுக்கு வேண்டியவை

நீற்றாத, அதாவது இன்னும் தண்ணீரில் போட்டுக் கரைக்காத, கிளிஞ்சல் சுண்ணாம்பு 10 கிலோ. கல் சுண்ணாம்பும் ஆகும், கிளிஞ்சல் கூடுதல் வெள்ளை. மூட்டையில் வரும் நீற்றிய தூள் என்றால் 13 கிலோ வாங்குங்கள். தண்ணீர் மொத்தம் 50 லிட்டர். பசைக்கு ஃபெவிகால் டிடிஎல் அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை. இரும்பு டிரம் ஒன்று, வடிகட்டப் பழைய வேட்டித் துணி, நீளக் கம்பு கட்டிய பிரஷ் அல்லது நார் மட்டை, ரப்பர் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. தளம் சொரசொரப்பாக இருந்தால் சுண்ணாம்பு இன்னும் இரண்டு கிலோவும் அதற்கு ஏற்ற தண்ணீரும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுவருக்கு அடிக்கும் பழக்கத்தில் நீலம் கலந்துவிடாதீர்கள். கண்ணுக்குத்தான் அது பளிச். வெயிலைத் திருப்பும் வேலையில் குறைக்கத்தான் செய்யும்.

படி 1: நீற்றுதல்

டிரம்மில் முதலில் 30 லிட்டர் தண்ணீர் ஊற்றி, அதில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் வெடித்துத் தெறிக்கும். உள்ளே கொதி வரும் அளவுக்குச் சூடேறும்; பிளாஸ்டிக் வாளி நெளிந்துவிடும். பாதி டிரம்முக்கு மேல் நிரப்பாதீர்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். கண்ணில் பட்டால் கசக்காமல் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடமாவது கழுவிக்கொண்டே இருந்துவிட்டு நேராகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

போட்டும் சூடு ஏறவில்லை என்றால், அது காற்றுப் பட்டு ஏற்கெனவே செத்துப்போன சுண்ணாம்பு. பிடிக்காது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். (தூள் வாங்கியவர்களுக்கு இந்தச் சோதனை கிடையாது; திறந்து கிடந்த மூட்டையை வாங்காமல் இருப்பதுதான் வழி. தூளையும் இரவு முழுக்க ஊறவிட வேண்டும்.)

கம்பால் கிளறிவிட்டு 24 மணி நேரம் மூடி வையுங்கள். அவசரப்பட்டு அன்றைக்கே அடித்தால், நீறாத துகள்கள் தளத்தில் ஒட்டிய பிறகு நீறிப் பொரிந்து கிளம்பும்.

படி 2: தளத்தைத் தயார் செய்தல்

சுண்ணாம்பு ஊறும் நாளிலேயே இதை முடித்துவிடலாம். முதலில் மழைநீர் சேகரிப்புக் குழாயின் வாயைத் துணி வைத்து அடையுங்கள். பாசி, மண், பழைய உரிந்த பூச்சு எல்லாவற்றையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள் (ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு மட்டும் இது வேண்டாம், மேலே சொன்னபடி நனைத்து மெல்லக் கழுவுங்கள்). பாசி மேல் அடித்த சுண்ணாம்பு பாசியோடு சேர்ந்து உரியும். முடியிழை போன்ற விரிசல்களைக் கடையில் கிடைக்கும் விரிசல் அடைப்புத் தூளைக் குழைத்து அடைத்துவிடலாம். ஒழுகும் தளம் என்றால் கொத்தனாரைக் கூப்பிட்டு அதை முடித்த பிறகுதான் இந்த வேலை. சுண்ணாம்பு ஒழுகலை நிறுத்தாது.

படி 3: கலவை

ஊறியதை வேட்டித் துணியில் வடிகட்டி, மீதித் தண்ணீர் சேர்த்து 50 லிட்டர் ஆக்குங்கள். பதம் பால் போல இருக்க வேண்டும். ஃபெவிகாலைத் தனியே ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, அன்றைக்கு அடிக்கப்போகும் கலவைக்கு ஏற்ற அளவு மட்டும் சேருங்கள். பசை அதிகமானால் தோல் போலப் படிந்து உரியும், குறைந்தால் தூளாகும்.

படி 4: அடித்தல்

மாலை நான்கரைக்கு மேல் தொடங்குங்கள். தளத்தில் தண்ணீர் தெளித்து, ஈரம் இருக்க வேண்டும், தேங்கக் கூடாது என்ற நிலையில் வைத்துக்கொள்ளுங்கள். படிக்கட்டுக்கு எதிர் மூலையில் ஆரம்பித்துப் பின்னால் நகர்ந்து வந்தால் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். டிரம்மை அடிக்கடி கிளறுங்கள், சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும்.

புதிதாகச் செய்பவர்கள் தவறுவது இங்கேதான். ஈரத்தில் சுண்ணாம்பு வெள்ளையாகவே தெரியாது, சாம்பல் தண்ணீர் மாதிரி இருக்கும். 'பிடிக்கவில்லை' என்று மேலும் மேலும் பூசினால் தடித்து, காய்ந்ததும் சில்லு சில்லாக வெடிக்கும். மெல்லிசாக ஒரு முறை இழுத்துவிட்டு இறங்கிவிடுங்கள். வெள்ளை காலையில் தெரியும். மறுநாள் மாலை குறுக்கு வாக்கில் இரண்டாவது கோட், அதற்கு அடுத்த நாள் மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் லேசாக நனைக்க வேண்டும்.

படி 5: பதப்படுத்துதல்

மூன்றாவது கோட் முடிந்த மறுநாளிலிருந்து மூன்று நாள், காலையும் மாலையும் பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். பலரும் விட்டுவிடும் படி இது. அதுவரை மாடியில் வடாம் காயப்போட வேண்டாம், நடமாட்டமும் வேண்டாம். உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்தால் லேசாக வெள்ளை ஒட்டலாம். கை முழுக்க மாவானால் ஈரம் போதவில்லை, இன்னும் இரண்டு நாள் தெளியுங்கள்.

தளம் முடிந்த பிறகு

ஜன்னல்களைக் காலை ஒன்பது மணிக்கு அடைத்து, வெளிக்காற்று தணிந்த பிறகு திறப்பது பழக்கமாக வேண்டும். மேற்குப் பக்க ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே கீற்றுத் தட்டியோ பச்சை வலையோ கட்டுவது மேல். கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெயிலைத் திரை வெளியே அனுப்பாது.

ஏர்கூலர் சென்னையைவிட வேலூரில் நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் இங்கே பகல் காற்று வறண்டது. ஆனால் அறையை மூடிவிட்டு ஓட்டினால் அரை மணியில் புழுக்கம்தான். எதிர்ப்பக்க ஜன்னலை ஒரு சாண் திறந்து வையுங்கள். உப்புப் போர்த் தண்ணீர் கூலரின் பேடில் (தண்ணீர் ஊறி நிற்கும் பக்கத் தட்டியில்) படிந்து அடைத்துக்கொள்ளும். வாரம் ஒரு முறை தொட்டியை முழுக்க வடித்துவிடுங்கள், கொசுவும் முட்டை வைக்காது.

சூடு தணியட்டும் என்று மாடியில் குடம் குடமாகத் தண்ணீர் கொட்ட வேண்டிய தேவை இனி இருக்காது. பாலாறு மணலாகக் கிடக்கும் ஊரில் அது பெரிய விஷயம்.

கோடை மழையில் முதலில் வழியும் தண்ணீரில் சுண்ணாம்புக் காரம் இருக்கும். முதல் இரண்டு மழை வரை சேகரிப்புக் குழாயைத் தொட்டிக்குள் விடாமல் வெளியே திருப்பி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை பூச்சைக் கொஞ்சம் அரித்துவிடும்; பொங்கல் கழிந்ததும் ஏறிப் பார்த்து, தளம் தெரியும் இடங்களைத் தேய்த்து ஒரே ஒரு கோட் அடித்தால் அடுத்த கோடைக்கு 4 கிலோ சுண்ணாம்பு போதும்.