மின்கட்டண ரசீதிலிருந்து கரியை எடைபோடும் முறை

நெய்வேலி அனல்மின் நிலையத்தில் கொதிகலன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டுக்குள் புகை வராததால் மின்சாரம் எதையும் எரிக்காமல் வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். அதற்காக எவ்வளவு நிலக்கரி எரிகிறது என்பதை நீங்களே கணக்கிடலாம்.

ரசீதில் இரண்டு மாத யூனிட்டைப் பாருங்கள். ரூபாயைப் பார்க்காதீர்கள், முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் தொகை ஏமாற்றும். ஒரு யூனிட் 860 கிலோகலோரிக்குச் சமம். பழைய அனல்மின் நிலையத்தில் எரியும் வெப்பத்தில் ஏறக்குறைய 30 சதவீதம்தான் மின்சாரமாகும். மிச்சம் புகைபோக்கி வழியாகவும் குளிர்விப்புக் கோபுரம் வழியாகவும் காற்றோடு போய்விடும். ஆக, யூனிட்டுக்குச் சுமார் 2,870 கிலோகலோரி தேவை. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறக்குறைய பாதி ஈரம். அதனால் ஒரு கிலோ எரித்தாலும் 2,600, 2,700 கிலோகலோரிக்கு மேல் பெரிதாகக் கிடைக்காது. யூனிட்டுக்கு ஒரு கிலோ என்று போடுங்கள். கம்பியில் ஆகும் இழப்பைச் சேர்க்காமல், குறைத்தே சொல்கிறேன். 300 யூனிட் என்றால் ஐம்பது கிலோ மூட்டை ஆறு. மேலே கிடக்கும் மண்ணை அகற்றி, அடியிலிருந்து முட்டும் நீரை ஓயாமல் இறைத்துத்தான் அந்த ஆறு மூட்டையும் வெளியே வருகிறது.

நெய்வேலியில் முதல் கரி வெளியே வந்தது 1961இல். அது உருவாகக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன. பொடியாக்கி உலையில் ஊதினால் சில நொடிகளில் எரிந்துவிடும். வெட்டிய குழியில் மரம் நடலாம், கரி முளைக்காது.

அடுத்து, கருவிகளை எடைபோடுங்கள். 75 வாட் பழைய மின்விசிறி பத்து மணி நேரம் ஓடினால் முக்கால் கிலோ. 2,000 வாட் வெந்நீர்க் கருவி அரை மணி நேரத்தில் ஒரு கிலோ. பலரும் ஓயாமல் திட்டும் எல்.இ.டி. விளக்கு, 9 வாட், நூறு மணி நேரத்துக்கும் ஒரு கிலோவைத் தொடாது. விளக்கை அணைக்கச் சொல்லிப் பிள்ளைகளை விரட்டுவதை விட, முதலில் வெந்நீரையும் ஏசியையும் கவனியுங்கள். விசிறி பழுதானால் 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத மோட்டார்) வகையை வாங்குங்கள்.

நேரமும் முக்கியம். நண்பகலில் சூரிய மின்சாரம் நிறைய வரும். மாலை ஆறுக்கு மேல் அது நின்றுவிட, அனல் நிலையங்கள் மீது சுமை ஏறும். சலவை, மாவரைப்பு, தண்ணீர் மோட்டார் ஆகியவற்றைப் பகலில் முடித்துவிடுங்கள். ஆடிக்காற்று வீசும் மாதங்களில் காற்றாலை கைகொடுப்பதால் என் கணக்கு கொஞ்சம் மிகையாகத் தெரியும். மாடியில் சோலார் வைத்திருப்பவர்கள் வெளியிலிருந்து எடுத்த யூனிட்டை மட்டும் பெருக்கினால் போதும்.