லோடுக்கு அதிகபட்சத் திறன் எப்போது போகும்? தெவினின் சமானச் சுற்றை வைத்து அளந்து பார்ப்போம்

ரங்கூனில் கரண்ட் போவதும் வருவதும் பழகிப்போன சங்கதி. அதனால் 12 வோல்ட் பேட்டரி, சோலார் தகடு, இன்வெர்ட்டர் என்று ஏதோ ஒன்றோடு மல்லுக்கட்டுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்கள் எல்லோர் காதிலும் ஒரு விதி விழுந்திருக்கும்: "லோடின் தடையும் மூலத்தின் உள்தடையும் சமமாக இருந்தால்தான் அதிகத் திறன் கிடைக்கும்."

லோடு என்றால் மூலத்திலிருந்து மின்சாரத்தை வாங்கி வேலை செய்யும் பொருள். விதி சரிதான். ஆனால் அதைத் தவறான இடத்தில் பிடித்துக்கொண்டால் பேட்டரி போய்விடும். அதனால் முதலில் நான்கு ரெசிஸ்டரில் விதியைச் சோதித்துவிட்டு, எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதற்குப் பிறகு வருவோம். ரெசிஸ்டரும் பேட்டரியும் சேர்ந்த சுற்றை ஒரே மூலம், அதோடு தொடராக ஒரே தடை என்று சுருக்கி வரைவதுதான் தெவினின் சமானச் சுற்று.

தேவையானவை

330 ஓம் ரெசிஸ்டர் மூன்று, 100 ஓம் ஒன்று. அரை வாட் வகையாகக் கேட்டு வாங்குங்கள். கால் வாட் ஏன் போதாது என்பது கீழே வரும். லோடாக வைக்க 100, 220, 330, 470, 1000 ஓம் ஒவ்வொன்று. இவை கால் வாட் போதும். 1 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல் ஒன்று, பிரெட்போர்டு (பற்றவைக்காமல் துளைகளில் செருகிச் சுற்றுக் கட்டும் பலகை), சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர்.

மின்மூலத்துக்கு வைஃபை ரவுட்டரின் 12 வோல்ட் அடாப்டர் நல்லது. இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து எடுப்பதானால் நேர்முனை வயரில் 1 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது அளக்கவும் வேண்டாம். மின்னழுத்தம் 13, 14 என்று நகர்ந்துகொண்டே இருக்கும், எந்த அளவும் இன்னொன்றோடு ஒத்துப்போகாது.

நிறப்பட்டையைப் பார்த்து எடுங்கள். 330 ஓம் என்றால் ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு. மூன்றாவது பட்டை கறுப்பாக இருந்தால் அது 33 ஓம். ஐந்து பட்டை உள்ள நீல ரெசிஸ்டரில் ஆரஞ்சு, ஆரஞ்சு, கறுப்பு, கறுப்பு என்று வரும். சந்தேகம் வந்தால் மீட்டரில் வைத்துப் பார்த்துவிடுவது மேல்.

படி 1: சுற்றைக் கட்டுதல்

நேர்முனையிலிருந்து ஒரு 330 ஓம். அது முடியும் இடத்தைச் சந்தி என்று வைத்துக்கொள்வோம். சந்தியிலிருந்து எதிர்முனைக்கு மற்ற இரண்டு 330-ஐயும் தொடராக, அதாவது 660 ஓம். அதே சந்தியிலிருந்து 100 ஓம் ஒன்றை வெளியே கொண்டுவாருங்கள். அந்த 100-இன் மறுமுனை 'அ', மின்மூலத்தின் எதிர்முனை 'ஆ'. லோடு உட்காரப்போவது இந்த அ, ஆ இரண்டுக்கும் நடுவில்.

சில பிரெட்போர்டுகளில் ஓரத்து நீளக்கோடு நடுவில் வெட்டுப்பட்டிருக்கும். மேல்பாதியில் கரண்ட் இருக்கும், கீழ்பாதியில் இருக்காது. சுற்று சரியாக இருந்தும் மீட்டர் பூஜ்யம் காட்டினால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.

படி 2: திறந்த முனை மின்னழுத்தம்

லோடு எதுவும் போடாமல் அ, ஆ இடையே அளங்கள். 100 ஓம் வழியாக எதுவும் ஓடாததால் அதில் இழப்பு இல்லை. சந்தியில் இருப்பதே வெளியிலும் தெரியும். கணக்கு: 12 × 660 ÷ 990 = 8 வோல்ட். இதுதான் தெவினின் மின்னழுத்தம். முழுச் சார்ஜில் ஓய்ந்திருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் கொடுத்தால் இங்கே 8.4 வரும். பிழையல்ல, உங்கள் கணக்கிலும் 12-க்குப் பதில் 12.6 போட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: மூலத்தடை

புதிதாகப் படிக்கிறவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். அ, ஆ முனைகளில் நின்று உள்ளே பார்த்தால் எவ்வளவு தடை தெரிகிறது என்பதுதான் கேள்வி. விதி சொல்லும் உள்தடை இதுதான். அதைக் கணக்கிட மின்மூலத்தை அணைக்க வேண்டும். மின்னழுத்த மூலத்தை அணைப்பது என்றால் அதன் இடத்தில் வெறும் வயரை வைப்பது என்று பொருள். மின்னோட்ட மூலமாக இருந்தால் அதைக் கழற்றித் திறந்து விடுவது.

அடாப்டரின் இரு வயரையும் பிரெட்போர்டிலிருந்து எடுத்துவிடுங்கள். அவை இருந்த இரண்டு துளைகளையும் ஒரு சிறு வயரால் இணையுங்கள். (பேட்டரி முனைகளை அல்ல, காலியான துளைகளை! பேட்டரி முனைகளை இணைத்தால் வயர் சிவந்து உருகும்.) இப்போது முதல் 330-ம் 660-ம் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கின்றன: 330 × 660 ÷ 990 = 220 ஓம். அதோடு வெளி 100 சேர்ந்து 320 ஓம். மீட்டரை ஓம் அளவில் வைத்து அ, ஆ இடையே பாருங்கள், 320-ஐ ஒட்டி வர வேண்டும். 5 சதவீத ரெசிஸ்டர் என்றால் 304-க்கும் 336-க்கும் இடையே எங்கே நின்றாலும் சரி.

மீட்டர் 760 காட்டுகிறதா? மூலத்தை எடுத்தீர்கள், வயர் போட மறந்துவிட்டீர்கள். முதல் 330 அந்தரத்தில் தொங்குகிறது. மிச்சம் 660-ம் 100-ம்தான் தெரிகிறது. தாளில் கணக்குப் போடும்போதும் இதே தவறு இதே 760-ஐத்தான் தரும். எண்ணைப் பார்த்தே எங்கே பிசகியது என்று சொல்லிவிடலாம்.

மூலத்தை அணைக்காமலும் கண்டுபிடிக்கலாம். முதலில் அந்தச் சிறு வயரை எடுத்துவிட்டு, அடாப்டரை மறுபடி மாட்டிக்கொள்ளுங்கள். அ, ஆ இடையே மல்டிமீட்டரை 200 மில்லிஆம்பியர் அளவில் வைத்தால் குறுக்குச்சுற்று மின்னோட்டம் 25 மில்லிஆம்பியர் காட்டும். 8 வோல்ட்டை 0.025-ஆல் வகுத்தால் மறுபடி 320. (25 மில்லிஆம்பியர் மூலம், அதற்கு இணையாக 320 ஓம் என்று வரைந்தால் அதுவே நார்டன் சுற்று.) இந்த நேரத்தில் முதல் 330 வழியே சுமார் 29 மில்லிஆம்பியர் ஓடி, அதில் 0.27 வாட் வெப்பமாகிறது. கால் வாட் ரெசிஸ்டர் இதைத் தாண்டிவிடும், தொட்டால் சுடும். அரை வாட் கேட்டது இதற்குத்தான். அளந்து முடித்ததும் மீட்டரின் சிவப்பு முனையை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். மில்லிஆம்பியர் அளவிலேயே விட்டுவிட்டு அடுத்துப் பேட்டரியை அளக்கப் போனால் மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போகும்.

கையில் கருவியோடு வேலை செய்பவர்களுக்கு மூன்றாவது வழிதான் பிடிக்கும். 1 கிலோ ஓம் கன்ட்ரோலின் நடுக்காலையும் ஓரக்கால் ஒன்றையும் அ, ஆ இடையே மாட்டி, மின்னழுத்தம் 8-இல் பாதியாக, 4 வோல்ட்டாகும் வரை திருப்புங்கள். பிறகு கன்ட்ரோலைக் கழற்றி, அதன் தடையை மட்டும் தனியே அளங்கள். அதுவே மூலத்தடை. சுற்றில் இருக்கும்போதே ஓம் அளந்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை. கன்ட்ரோலைப் பூஜ்யத்தை ஒட்டி நெடுநேரம் வைக்கவும் கூடாது: 0.2 வாட் கார்பன் வகை தாங்குவது சுமார் 14 மில்லிஆம்பியர். பூஜ்யத்தருகே 25 வரை ஓடி, பாதையின் நுனி கருகும்.

ஆக, நான்கு ரெசிஸ்டரும் ஒரு பேட்டரியும் சேர்ந்த சுற்று, வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு 8 வோல்ட் மூலமும் அதோடு தொடராக 320 ஓம் தடையும் மட்டுமே. பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் லியோன் சார்ல்ஸ் தெவினின் 1883-இல் வெளியிட்ட சங்கதி இது. ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853-இலேயே சொல்லியிருந்தார், பெயர் என்னவோ தெவினினுக்குப் போய்விட்டது.

படி 4: லோடை மாற்றி மாற்றி அளத்தல்

ஒவ்வொரு லோடையும் அ, ஆ இடையே போட்டு, அதன் குறுக்கே மின்னழுத்தத்தை மட்டும் அளங்கள். அதன் வர்க்கத்தை லோடு தடையால் வகுத்தால் திறன். மின்னோட்டத்தையும் அளக்கலாமே என்று மீட்டரைத் தொடராக நுழைக்க வேண்டாம். மலிவு மீட்டரின் 20 மில்லிஆம்பியர் அளவே 10 ஓம் போலச் சுற்றில் புகுந்துகொள்ளும்.

12 வோல்ட் மூலத்துக்கு வர வேண்டிய எண்கள்:

100 ஓம்: 1.90 வோல்ட், 36.3 மில்லிவாட்
220 ஓம்: 3.26 வோல்ட், 48.3 மில்லிவாட்
330 ஓம்: 4.06 வோல்ட், 50.0 மில்லிவாட்
470 ஓம்: 4.76 வோல்ட், 48.2 மில்லிவாட்
1000 ஓம்: 6.06 வோல்ட், 36.7 மில்லிவாட்

உச்சம் 320 ஓமில், 50 மில்லிவாட். சூத்திரத்திலும் அதுதான்: தெவினின் மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மூலத்தடையின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும், 64 ÷ 1280 = 0.05 வாட்.

இந்த மலையின் உச்சி எவ்வளவு தட்டையாக இருக்கிறது பாருங்கள். 220 போட்டாலும் 470 போட்டாலும் போவது 2 மில்லிவாட்டுக்கும் குறைவு. லோடு மூலத்தடையைப்போல் இரண்டு மடங்கானாலும் பாதியானாலும் உச்சத்தில் 89 சதவீதம் கிடைத்துவிடும். சரியாக 320 ஓம் வேண்டும் என்று கடை கடையாக அலைய வேண்டியதில்லை.

ஏன் சமமாக இருக்கும்போது உச்சம்? லோடு சிறியதானால் மின்னோட்டம் பெருகும், ஆனால் லோடின் குறுக்கே மின்னழுத்தம் விழுந்துவிடும். பெரியதானால் நேர் எதிர். திறன் இரண்டின் பெருக்கல் அல்லவா? லோடு சு, மூலத்தடை மூ என்றால், திறனின் சூத்திரத்தில் கீழே வருவது (சு + மூ)² ÷ சு. விரித்தால் சு + 2மூ + மூ²÷சு. சு, மூ²÷சு இரண்டையும் பெருக்கினால் எப்போதும் மூ² தான், மாறுவதில்லை. பெருக்கல் மாறாத இரண்டு எண்களின் கூட்டல், இரண்டும் சமமாகும்போது மிகக் குறையும். அதாவது சு = மூ. வகைநுண்கணிதம் தெரியாதவர்களுக்கும் இது போதும்.

பேட்டரி எவ்வளவு கொடுக்கிறது?

உச்சத்தில் செயல்திறன் 50 சதவீதம் என்று எங்கும் எழுதியிருக்கும். நம் சுற்றில் அளந்து பாருங்கள். 320 ஓம் லோடு போட்டபோது 12 வோல்ட் மூலத்திலிருந்து புறப்படுவது 20.45 மில்லிஆம்பியர், அதாவது 245 மில்லிவாட். லோடுக்குப் போவது 50. செயல்திறன் 20 சதவீதம்தான்! லோடே இல்லாதபோதும் 330-ம் 660-ம் சேர்ந்து 145 மில்லிவாட்டைச் சும்மா தின்றுகொண்டிருக்கின்றன. சமானச் சுற்றிலோ லோடு இல்லாவிட்டால் இழப்பு பூஜ்யம்.

முரண்பாடு இல்லை. தெவினின் சுற்று லோடுக்கு என்ன தெரியும் என்பதை மட்டும் சரியாகச் சொல்லும். உள்ளே எவ்வளவு வெந்துபோகிறது என்று அதனிடம் கேட்கக் கூடாது. அந்தக் கணக்கை அசல் சுற்றில்தான் போட வேண்டும். 50 சதவீதம் என்பது சமானச் சுற்றின் கணக்கு.

எங்கே இந்த விதியைத் தூக்கிப்போட வேண்டும்

விதி பேசுவது மூலம் மாறாதிருந்து லோடை நாம் தேர்ந்தெடுக்கும் நிலைமையை. லோடு மாறாது, மூலத்தடையை நாம் தேர்ந்தெடுக்கலாம் என்றால் விடை வேறு: மூலத்தடை பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது.

இன்வெர்ட்டர் பேட்டரியை எடுங்கள். 100 ஆம்பியர் மணி ஈய அமிலப் பேட்டரியின் உள்தடை சில மில்லி ஓம். 5 மில்லி ஓம் என்று வைத்தால், விதிப்படி 5 மில்லி ஓம் லோடு போட்டு 7.9 கிலோவாட் எடுக்கலாம். மின்னோட்டம் 1260 ஆம்பியர், அதே 7.9 கிலோவாட் பேட்டரிக்குள்ளேயே வெப்பமாகும். அது லோடு இல்லை, கிட்டத்தட்ட குறுக்குச்சுற்று. பேட்டரி, ஜெனரேட்டர், வீட்டு மின்கம்பி எதையும் இந்த விதிக்குப் பொருத்தவே கூடாது.

கோயில் திருவிழா ஆம்ப்ளிஃபயரும் அப்படித்தான். பின்னால் 8 ஓம் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, அதன் உள்தடையும் 8 ஓம் என்று நினைப்பவர்கள் உண்டு. டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரின் வெளித்தடை பெரும்பாலும் ஓமில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. 8 என்பது எந்த ஸ்பீக்கரை அது பத்திரமாகத் தாங்கும் என்ற எல்லை. இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரை இணையாகப் போட்டு 4 ஓம் ஆக்கினால் சத்தம் கூடலாம், கூடவே வெளியீட்டு டிரான்சிஸ்டரும் சூடேறும்.

ரேடியோ ஆன்டெனா, நீளமான சிக்னல் கேபிள் போன்ற இடங்களில் பொருத்தம் பார்ப்பது உண்மையிலேயே அவசியம். மாறுதிசை மின்னோட்டத்தில் தடை மட்டும் சமமானால் போதாது. மூலத்தில் சுருளின் குணம் எவ்வளவு இருக்கிறதோ, லோடில் அதே அளவு கொண்மியின் (கெபாசிட்டரின்) குணம் இருக்க வேண்டும், அல்லது தலைகீழாக.

சோலார் தகடு

சோலார் தகட்டுக்குத் தெவினின் செல்லாது. திறந்த முனையில் 22 வோல்ட், குறுக்குச்சுற்றில் 3 ஆம்பியர் தரும் 50 வாட் தகட்டை நம் சூத்திரத்தில் போட்டால் உச்சத் திறன் 22 × 3 ÷ 4 = 16.5 வாட் என்று வரும். தகட்டின் பின்னால் ஒட்டிய சீட்டில் 50 என்று இருக்கிறதே? சீட்டு பொய்யில்லை. தகட்டின் மின்னழுத்தம் ஏற ஏற மின்னோட்டம் நேர்கோடாக இறங்குவதில்லை. 18 வோல்ட் வரை 3 ஆம்பியரை ஒட்டியே இருந்துவிட்டு, அதன்பிறகு சடாரென்று விழும். தெவினின் நேர்கோட்டுச் சுற்றுக்கு மட்டும். பாதி மின்னழுத்தத்தில்தான் உச்சம் என்று நம்பி 11 வோல்ட்டில் வைத்தால் 33 வாட்தான் கிடைக்கும்.

அந்தத் தகட்டை 13 வோல்ட்டில் இருக்கும் பேட்டரியோடு நேரே கட்டினாலும் இதே நஷ்டம். தகடு 13-க்கு இறங்கிவிடும், வருவது 39 வாட்டுக்குள். தகட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவில் நின்று சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர்களில், விலை குறைந்த பிடபிள்யூஎம் வகை செய்வது ஏறக்குறைய இந்த நேரடி இணைப்பைத்தான். உச்சத் திறன் புள்ளியைத் தேடிப்பிடிக்கும் எம்பிபிடி கன்ட்ரோலர் தகட்டை 18 வோல்ட்டை ஒட்டி நிறுத்திக்கொண்டு, பேட்டரிக்கு 13 வோல்ட்டில் கூடுதல் மின்னோட்டமாக மாற்றிக் கொடுக்கும். வெயிலும் சூடும் மாறும்போது உச்சமும் நகர்வதால், திறன் கூடுகிறதா குறைகிறதா என்று லோடைச் சிறிது சிறிதாக மாற்றிப் பார்த்துக்கொண்டே இருக்கும். படி 4-இல் நீங்கள் ரெசிஸ்டரை மாற்றி மாற்றிச் செய்த அதே வேலை.

சோலாரில் கைவைக்கும்போது தகட்டின் சீட்டில் திறந்த முனை மின்னழுத்தத்தைத் தனியாகவும், உச்சத் திறன் மின்னழுத்தத்தைத் தனியாகவும் குறித்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோலர் தாங்குமா என்று பார்க்க முதலாவது. எவ்வளவு கிடைக்கும் என்று கணக்கிட இரண்டாவது.