கார்டின் மேலுள்ள பெரிய எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள்

பறவைகளைப் படமெடுக்க வேண்டும் என்று அக்கா மகள் 24 மெகாபிக்ஸல் கேமரா ஒன்று வாங்கியிருக்கிறாள். "மாமா, 170 என்று போட்ட மெமரி கார்டும் இருக்கிறது, 200 என்று போட்ட கார்டும் இருக்கிறது. இருநூறையே வாங்கிவிடட்டுமா?" என்று கடையில் நின்றபடி போனில் கேட்டாள். கல்யாணப் படமெடுப்பது என் தொழில். அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

அந்த 200 என்பது படிக்கும் வேகம். கார்டிலிருந்து கணினிக்குப் படங்களை இறக்கும்போது நொடிக்கு அதிகபட்சம் 200 எம்பி (மெகாபைட்) வரும், அவ்வளவுதான். அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. நடுத்தர விலைக் கேமராக்கள் பலவற்றில் இருப்பது யுஎச்எஸ்-1 என்ற வேக முறையில் இயங்கும் கார்டுத் துளை. அந்த முறையின் உச்சவரம்பே நொடிக்கு 104 எம்பி. அதைத் தாண்டிய வேகம் கார்டைத் தயாரித்த நிறுவனத்தின் தனி ரீடரில் (கார்டைக் கணினியோடு இணைக்கும் கருவி)தான் கிடைக்கும். கேமராவுக்குள் 170, 200 இரண்டும் ஒன்றுதான்.

படமெடுப்பவருக்கு வேண்டியது எழுதும் வேகம். கெட்டிமேளம் முழங்குகிறது, அட்சதை பறக்கிறது, நான் விரலை எடுக்காமல் நொடிக்குப் பத்துப் படம் எடுக்கிறேன். ரா கோப்பு, அதாவது கேமரா பதிவு செய்த மூலப் படம், ஒன்று ஏறக்குறைய 25 எம்பி என்றால், ஒரே நொடியில் 250 எம்பி சேர்ந்துவிடுகிறது. கேமரா அதைத் தன் பஃபர் என்ற தற்காலிக நினைவகத்தில் தாங்கிக்கொண்டு கார்டுக்குத் தள்ளும். நொடிக்கு 40 எம்பி எழுதும் கார்டு அந்த ஒரு நொடிப் படங்களை எழுதி முடிக்க ஆறு நொடிக்கு மேல் ஆகும். 80 எம்பி எழுதும் கார்டுக்கு ஏறக்குறைய மூன்று நொடி போதும். பஃபர் நிரம்பிவிட்டால் ஷட்டர் திணறும். சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். அதற்குள் நாத்தனார் மூன்றாவது முடிச்சையும் போட்டு முடித்திருப்பார். மீன்கொத்தி தண்ணீரில் பாயும் நொடியும் இப்படித்தான் கைநழுவிப் போகும்.

எழுதும் வேகம் உறையின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும். சிலவற்றில் அதுவும் இருக்காது. அப்போது கார்டின் மேலுள்ள சின்னச் சின்னக் குறிகளைப் பாருங்கள். வாளி போன்ற 'யு' எழுத்துக்குள் 3 இருந்தாலோ, 'வி 30' என்று இருந்தாலோ, தொடர்ந்து எழுதும்போது நொடிக்கு 30 எம்பிக்குக் கீழே இறங்காது என்று பொருள். யு-வுக்குள் 1 என்றால் 10 எம்பிதான். பல கேமராக்களின் 4கே வீடியோ நொடிக்கு 100 மெகாபிட், அதாவது (எட்டு மெகாபிட் ஒரு எம்பி) 12.5 எம்பி கேட்கும். ஆகவே வி 30 தாராளமாகப் போதும். கார்டின் பின்புறம் இரண்டாவது வரிசைத் தகடுகள் உள்ள யுஎச்எஸ்-2 கார்டு இன்னும் வேகமானது, விலையும் அதிகம். கேமராவில் அதற்கான துளை இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

இதையெல்லாம்விட நான் அதிகம் அஞ்சுவது போலிக் கார்டுக்குத்தான். சில ஆண்டுகளுக்கு முன் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று 128 ஜிபி கார்டு ஒன்று வாங்கினேன். நிச்சயதார்த்தம் ஒன்றில் காலைப் படங்களெல்லாம் நன்றாக இருந்தன. மாலைப் படங்களுக்குக் கோப்புப் பெயர் மட்டும் இருந்தது. திறந்தால் மேலே ஒரு கீற்று முகம், கீழே முழுக்கச் சாம்பல் நிறம். உள்ளே இருந்தது 16 ஜிபிதான். 128 என்று கேமராவிடம் பொய் சொல்லும்படி கார்டை மாற்றியிருந்தார்கள். பெண்ணின் அப்பாவிடம் அதைச் சொல்லப் போன அந்த நடையை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அதிலிருந்து எந்தக் கார்டு வாங்கினாலும் 'எச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பார்க்காமல் வேலைக்கு எடுத்துப் போவதில்லை. அது கார்டை முழுக்க நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். 64 ஜிபிக்கு அரைமணி நேரம் பிடிக்கும். பொறுமையாகச் செய்யுங்கள்.

எத்தனை ஜிபி? 64 ஜிபியில் இரண்டு வாங்கச் சொன்னேன். ஒன்றில் ரா படங்கள் இரண்டாயிரத்துக்கு மேல் பிடிக்கும். 100 மெகாபிட் வீடியோ என்றால் ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாமல் வரும். ஒன்று கெட்டுப்போனாலும் மற்றொன்று கையில் இருக்கும். கேமரா பழையது என்றால் 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டிஎக்ஸ்சி கார்டை ஏற்குமா என்று கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுக் கார்டைக் கணினியில் ஃபார்மேட் செய்யாமல் கேமராவிலேயே செய்யுங்கள். அடுத்த முறை ஃபார்மேட் பொத்தானை அழுத்தும் முன், பழைய படங்கள் இரண்டு வட்டுகளில் ஏறிவிட்டனவா என்று திறந்தே பாருங்கள். பெயரை மட்டும் பார்த்துவிட்டு அழிக்காதீர்கள்.